நடுக்கட்டையிலிருந்து மேலே

சால்தோ
3 ஜூன் 1956

அனிபாலுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் உன் அக்கா இதற்குள் என் தங்கை நெலிக்கு எழுதி ஊரைக் கூட்டியிருப்பாள்.

ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று உறையைப் பிரிக்கும்போதே முணுமுணுத்திருப்பாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தத் தாளையும் கிழித்துவிடுவேன். ஏற்கெனவே மூன்று கிழித்தாயிற்று. ஒரு பியானோ என்னைப் படுத்தி எடுக்கிறது.

இங்கே சங்கீதக் கழகத்தில் இருக்கும் பெரிய ஜெர்மன் பியானோ. பழைய கம்பிகள் துருவேறி மாதத்துக்கு இரண்டு அறுந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதுக் கம்பி மாட்டும் வேலையை எனக்குத் தந்தார்கள். ஆமாம், எனக்கு. தனியாக. கீழ்ஸ்தாயி பேஸ் கம்பிகளுக்குப் பழையதையே மாதிரியாகக் கம்பிக் கடைக்கு அனுப்பி அங்கேயே செம்பு சுற்றி வரவழைத்தேன். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக அளந்து, நம் பட்டறையிலிருந்து என் பங்காகக் கொண்டுவந்த சுருள்களிலிருந்து மாட்டினேன். ஆறு வாரம் ஆயிற்று. முறுக்காணிகள் கல் போல நிற்கின்றன. சுருதி நகரவில்லை.

ஆனால் குரல் இல்லை. பேஸ் நன்றாக, நிறைவாக இருக்கிறது. நடுக்கட்டையிலிருந்து மேலே போகப் போக மெலிந்துவிடுகிறது. சத்தம் வருகிறது, அதற்கு உடம்பு இல்லை. ஜூலை பதினெட்டாம் தேதிக் கச்சேரியில் வாசிக்கப்போகிற பெர்தா வந்து பத்து நிமிஷம் வாசித்தாள். மூடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சுல்மா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. முன்னாடி இது கெழட்டுக் குரல்ல பாடிக்கிட்டிருந்துச்சு. இப்ப சளி புடிச்ச கொசு மாதிரி இருக்கு."

கழகச் செயலாளர் எவாரிஸ்தோ பக்கத்திலேயே நின்றார். "ஜூலை பத்துக்குள்ள சரியாகலைன்னா புவெனஸ் அயர்ஸ்லேர்ந்து ஆள் கூப்பிட வேண்டியதுதான். உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல சென்யோரா" என்றார். அப்படி ஆள் வந்தால், இந்த ஆற்றங்கரை ஊர்கள் எதிலும் அப்புறம் எவரும் என்னை ஒரு மூடியைக்கூடத் திறக்க விடமாட்டார்கள். அதிலும் நான் ஒரு முட்டாள்தனம் செய்துவைத்திருக்கிறேன். நீ முதல் கட்டையின் பக்கவாட்டில் பென்சிலில் பெயரும் தேதியும் எழுதுவாயே, நான் மையால் எழுதிவிட்டேன்.

கம்பி மாட்ட நான், குரல் திருத்த நீ என்று பதினெட்டு வருஷம் ஓட்டினோம். குரலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தது. எங்கே தொடங்க வேண்டும் என்று மட்டும் எழுது.

விவாகரத்துக்காக மூன்றாவது, கடைசித் தடவை வந்து நிற்கச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து சீட்டு வந்துவிட்டது. ஆகஸ்ட் ஏழு. நான் போய் நிற்காவிட்டால் வழக்கு தானாக விழுந்துவிடும் என்று நெலி தினமும் நினைவூட்டுகிறாள், ஏதோ எனக்குத் தெரியாதது போல. அது வேறு விஷயம். பியானோவைப் பற்றி எழுது.

சுல்மா


மொந்தேவிதேயோ
8 ஜூன் 1956

என் கிழவிக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறது. ஆகஸ்ட் ஏழு வரைக்குமாவது இருக்கிறது.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், உட்கார்ந்து படித்தேன், மாத்தே தேநீர் ஆறிப்போகிற வரைக்கும் படித்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்து, எழுந்து, கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துவிட்டு வந்து, மறுபடியும் உட்கார்ந்தேன். நான்கு நாளாக மழை. மழைக்குப் பொரித்த ரொட்டி தின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்தேன். பந்தோனியோன் துருத்திப்பெட்டி வாசிக்கிற பக்கத்து வீட்டுக்காரன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அனிபால், இதை வச்சு செருப்புக்கு அடி தைக்கலாம்பா" என்றான்.

சரி, பியானோ. முதலில் கம்பியை அடிக்கும் கம்பளிச் சுத்தியைத் தொடாதே. நடுவில் ஒரு கட்டையின் மூன்று கம்பியையும் நகத்தால் மீட்டிப் பார். மீட்டும்போது நன்றாக ஒலித்து, கட்டையை அழுத்தும்போது கெட்டால் குற்றம் சுத்தியில். மீட்டும்போதே மெலிந்திருந்தால் குற்றம் கம்பியிலோ அதற்குக் கீழேயோ. அப்புறம் ஒவ்வொரு கம்பியையும் பித்தளைக் குச்சியால், அது ஏறிப்போகும் பாலக்கட்டைமேல் மெதுவாக அழுத்தி உட்காரவை. புதுக் கம்பி ஆணியில் ஏறி நின்றுகொண்டு மரத்தைத் தொடாமல் ஏமாற்றும். மூன்று கம்பியும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார். ஒன்று தாழ்ந்திருந்தால் சுத்தி இரண்டைத்தான் அடிக்கும். அதன் பிறகுதான் சுத்தி. கம்பளியில் பழைய கம்பியின் தடம் இருக்கும், புதுக் கம்பி அந்தத் தடத்தில் விழாது. உப்புத்தாளால் தேய்த்து உருண்டையாக்கு. பொறுமையாக. உனக்குப் பொறுமை கிடையாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று கேட்க நினைத்தேன். பேனாவை எடுத்ததும் மறந்துவிட்டது. போகட்டும்.

உன் சுருள்கள் தொங்கிய ஆணிகள் சுவரில் அப்படியே இருக்கின்றன. பிடுங்கவில்லை.

அனிபால்


சால்தோ
14 ஜூன் 1956

அனிபால்,

உன் கடிதம் வந்த அன்றே மேலங்கியைக்கூட மாட்டாமல் கழகத்துக்கு ஓடினேன். நெலி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். "அக்கா, அது பியானோதான், பிரசவம் இல்ல!"

மீட்டிப் பார்த்தேன். மீட்டினாலும் மெலிவுதான், அழுத்தினாலும் மெலிவுதான். ஆகக் குற்றம் சுத்தியில் இல்லை. பித்தளைக் குச்சியால் அத்தனை கம்பிகளையும் உட்காரவைத்தேன். மேல்கட்டைகளில் கூட வந்த ரீங்காரம் நின்றது. உயரத்தைச் சமன் செய்தேன். இருபது கட்டைகளில் ஏற்ற இறக்கம் இருந்தது, வெட்கமாகப் போய்விட்டது. சுத்தியையும் தேய்த்துவிட்டேன், பொறுமையாகவே. நீ பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டாய்.

ஒவ்வொன்றும் ஒரு துளி கொடுத்தது. எல்லாம் சேர்ந்தும் உடம்பு வரவில்லை. பியானோ இப்போது சுத்தமாக, ஒழுங்காக மெலிந்திருக்கிறது. பெர்தா கேட்டுவிட்டு, "கொசுவுக்குச் சளி போயிருச்சு" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா?

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சாப்பிடும்போது மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேனாம், நெலியின் கணவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முறைக்கிறார். கழகத்தைத் தாண்டிப் போக வேண்டாம் என்று சந்தைக்கு ஆற்றங்கரை வழியாகச் சுற்றிப் போகிறேன். போய்விட்டு, திரும்பும்போது கழகத்துக்கே போய் நிற்கிறேன்.

ஒன்று சொல்லட்டுமா? நீ எழுதியதை ஒவ்வொன்றாகச் செய்யும்போது சந்தோஷமாக இருந்தது. பட்டறையில் இப்படி ஒருநாளாவது எனக்கு விளக்கியிருக்கிறாயா? வாடிக்கையாளர் முன்னால் "கம்பி இவ மாட்டுவா, உசிர நான் குடுப்பேன்"னு சொல்லிச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் இந்தக் கடிதத்தை எழுதிய ஆளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கலாமே என்றும் தோன்றுகிறது.

ஆகஸ்ட் ஏழைப் பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன். போகாமலும் இருக்கலாம். இதை நெலியிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்து என்ன பார்க்க வேண்டும்? சீக்கிரம் எழுது.

உன் சுல்மா


மொந்தேவிதேயோ
19 ஜூன் 1956

என் கிழவி,

"உன் சுல்மா" என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துறைமுகம்வரை நடந்துவிட்டு வந்தேன். எதற்கு என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

அடுத்து, கம்பி பாலக்கட்டையை எவ்வளவு அழுத்துகிறது என்று பார். ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் பாலக்கட்டைக்குப் பின்னால் சின்ன இறக்கம் தெரிய வேண்டும். இரும்புச் சட்டத்தைக் கழற்றியிருந்தால் திரும்ப வைக்கும்போது அது உயர்ந்துவிட்டிருக்கலாம். ஒலிப்பலகையில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார். பாலக்கட்டை ஆணிகள் ஆடுகின்றனவா என்றும் பார். இதற்கு ஒரு வாரம் ஆகும். அவசரப்படாதே.

சுல்மா, ஒரு யோசனை. எதற்கு இந்தத் தலைவலி? கழகத்துக்காரர்கள் புவெனஸ் அயர்ஸிலிருந்து யாரையோ கூப்பிடட்டும். ஒரு பியானோ போனால் போகிறது. நீ வீட்டுக்கு வா. பட்டறைப் பலகையில் உன் பெயரையும் சேர்த்து எழுதிவிடலாம், பெரிய எழுத்தில். வந்து உட்கார்ந்து பேசுவோம். எழுத முடியாத விஷயங்கள் சில இருக்கின்றன. நேரில் என்றால் சொல்லிவிடுவேன்.

மழை விட்டுவிட்டது. கூரையை அடைத்துவிட்டேன்.

உன் கிழவன்


சால்தோ
27 ஜூன் 1956

அனிபால்,

நூல் பிடித்துப் பார்த்தேன். இறக்கம் சரியாக இருந்தது. சட்டத்தை நான் கழற்றவே இல்லை. பலகையில் வெடிப்பு இல்லை. ஆணி எதுவும் ஆடவில்லை. நீ சொன்ன ஒரு வாரம் அப்படிப் போயிற்று.

நேற்று முன்தினம் நடுவில் ஒரு கம்பி கொக்கியருகே அறுந்தது. என் குறிப்பேட்டில் அந்த இடத்துக்குத் தடிமன் பதினான்காம் எண் என்று இருந்தது. அலமாரியில் கை போன போக்கில் ஒரு சுருளை எடுத்துவிட்டேன். வெட்டுவதற்கு முன் எதற்கும் அளந்து பார்த்தேன், பதினான்கு. மாட்டி, சுருதி ஏற்றினேன். அந்த ஒரு கம்பி மட்டும் பாடியது, அனிபால். பக்கத்தில் இருந்த இரண்டும் ஊமை போல நிற்க, இது ஒன்று மட்டும். சுருளைத் திருப்பி அதில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். பதினைந்து என்று இருந்தது. கடையில் தவறாகக் கட்டிவிட்டார்களோ என்று பிரிக்காத சுருள்கள் எல்லாவற்றையும் பிரித்து அளந்தேன். பதினாறு பதினைந்தாகக் காட்டியது. பதினேழு பதினாறாக. எல்லாமே ஒரு எண் குறைவாக.

நான் எப்போதும் கம்பி அளக்கும் உன் அப்பாவின் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு ரயில் பட்டறைக்குப் போனேன். அங்கே கடைசல் பிடிக்கிற பல்தசார் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இத எத்தன வருசமா வச்சிருக்கீங்க?"

"எங்க மாமனார் காலத்துது."

"ஒரே எடத்துல கம்பிய வச்சு வச்சு வாயில குழி விழுந்திருக்கும்மா. வெறுமன மூடினா பூஜ்யம்தான் காட்டும், ஒண்ணும் தெரியாது. கம்பிய வச்சா அது குழிக்குள்ள எறங்கிடும். மில்லிமீட்டர்ல நூத்துல அஞ்சு பங்கு கம்மியாக் காட்டுது. இத வச்சா வேல பாத்தீங்க?"

இதை வைத்துத்தான் வேலை பார்த்தேன். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கம்பிகளையும் ஒரு எண் மெலிதாக மாட்டியிருக்கிறேன். மெலிந்த கம்பியை எத்தனை உட்காரவைத்து என்ன, சமன் செய்து என்ன? இழுவை குறைவு, உடம்பு எங்கிருந்து வரும்? மாட்டும்போதே கை சொன்னது, இது கொஞ்சம் இளகுகிறதே என்று. நான் என் கையை நம்பாமல் உன் அப்பாவின் கருவியை நம்பினேன்.

ரயில் பட்டறையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது நடுத்தெருவில் நின்றுவிட்டேன். இதே கருவியில்தானே பதினெட்டு வருஷம் அளந்தேன்? நான் அளந்து எண்ணைச் சொல்வேன், நீ எதிரே உட்கார்ந்து எழுதுவாய். உன் பட்டியலைப் பார்த்து நான் சுருளை எடுப்பேன். அந்தப் பியானோக்களில் ஒன்றுகூட மெலியவில்லையே. ஏன் மெலியவில்லை?

உனக்குத் தெரியுமா, தெரியாதா? வேறு எதுவும் எழுத வேண்டாம். அதற்கு மட்டும் பதில் எழுது.

சுல்மா


மொந்தேவிதேயோ
1 ஜூலை 1956

சுல்மா,

தெரியும்.

அதற்கு மட்டும் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி.

நீ அளக்க உட்கார்ந்த முதல் மாதமே கண்டுபிடித்தேன், ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோவில். அப்பா அதை என் கையில் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது, அவருடைய கருவி தேய்ந்துபோயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை. நீ சொல்லும் எண்ணோடு ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொண்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. அவர் போன பிறகு உன்னிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருஷமும் அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போயிற்று.

சாமான்களைப் பிரித்த அன்று நீ அதை எடுத்து, "நான்தான அளப்பேன், இது எனக்கு"ன்னு உன் பெட்டியில் போட்டாய். வாயெடுத்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். திருப்பிக்கொள்ளாவிட்டாலும் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

இனி எழுதப்போவது மோசமானது. உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பேஸ் நன்றாக இருக்கிறது, நடுக்கட்டையிலிருந்து மேலே மெலிவு என்று எழுதியிருந்தாய். பேஸ் மாதிரி கொடுத்துச் செய்தது, மற்றது அளந்து செய்தது. வேறு என்னவாக இருக்க முடியும்? சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ ஒரு வருஷத்துக்கு அப்புறம் எழுதியிருந்தாய். குற்றத்தைச் சொல்லிவிட்டால் ஒரே கடிதத்தில் முடிந்துபோகும். சொல்லாவிட்டால் மறுபடி எழுதுவாய். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அதைவிடக் கேவலமாக யோசித்தேன். இந்த வேலையில் நீ தோற்றால் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. நினைத்தபோது கூசவில்லை.

நாளை ரயிலில் கார்டு வசம் சுருள்கள் அனுப்புகிறேன். உன்னிடம் எந்தெந்த எண் போதாமல் போகும் என்று கணக்குப் பார்த்துவிட்டேன். நல்ல மைக்ரோமீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு எண் கூட்டி மாட்டினால் போதும். ஒரு வார்த்தை எழுது, வந்து உதவி செய்கிறேன். கம்பி எடுத்துக் கொடுக்கிற ஆளாக மட்டும் நிற்கிறேன்.

என்னை மன்னித்துவிடு.

அனிபால்


மொந்தேவிதேயோ
16 ஜூலை 1956

சுல்மா,

பெட்டி கிடைத்ததா என்றாவது எழுதியிருக்கலாம். கார்டைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "ஒரு அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிச்சு, ஒண்ணும் பேசல" என்றான்.

நேற்று சால்தோவுக்கு டிக்கெட் வாங்கினேன். அரை மணி நேரம் வரிசையில் நின்று திருப்பிக் கொடுத்தேன். இன்று மறுபடியும் நிலையம் வரைக்கும் போய்விட்டு வந்தேன். வரட்டுமா வேண்டாமா? வேண்டாம் என்றாலும் எழுதிவிடு. வீட்டில் இருக்கவே முடியவில்லை.

பியானோ என்ன ஆயிற்று?

அனிபால்


சால்தோ
8 ஆகஸ்ட் 1956

அன்புள்ள அனிபால்,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. சுருள்களும் கிடைத்தன, நன்றி. கணக்கு சரியாக இருந்தது; பதினெட்டாம் எண்ணில் ஒரு முழம்கூட மிச்சமில்லை.

முதலில் பியானோ, நீ கேட்டதற்காக. உன் பதில் வருவதற்கு முன்பே கழற்ற ஆரம்பித்துவிட்டேன். எவாரிஸ்தோவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தப்பாக அளந்துவிட்டேன், எல்லாவற்றையும் மறுபடி மாட்டப்போகிறேன் என்றேன். "யாரு அளந்தது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டே இருந்துவிட்டு, இன்னும் நாலு நாள் தந்தார். பதினைந்து நாளில் மாட்டி முடித்தேன். விரல் நுனிகளைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. புதுக் கம்பி இழுபட இழுபடத் தினமும் இரண்டு தடவை சுருதி கூட்டினேன். கச்சேரியன்று காலையில்கூட மேல்கட்டைகள் இறங்கியிருந்தன. கம்பளி இளகுவதற்காகச் சுத்திகளுக்கு ஊசியும் நானேதான் குத்தினேன், உன்னைப் போல வராது.

பெர்தா வாசித்தாள். முடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்து என் காதருகே, "இன்னும் கொஞ்சம் முரடாத்தான் இருக்கு. ஆனா உள்ள ஆளு இருக்குடி" என்றாள். நான் கூடத்திலேயே அழுதுவிட்டேன். பைசாந்துவிலிருந்து வந்திருந்த ஒருவர் தன் மகளின் பியானோவைப் பற்றிக் கேட்டார். அடுத்த வாரம் போகிறேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பல தடவை படித்தேன். நீ பொய் சொல்லவில்லை, எதையும் குறைத்தும் எழுதவில்லை. இப்படி ஒன்றை எழுத எத்தனை தடவை எழுந்து எழுந்து நடந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். கோபம்கூட இறங்கிவிட்டது. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

நேற்று நீதிமன்றத்துக்குப் போனேன். போக வேண்டாம் என்றுதான் காலையில் எழுந்தேன், உண்மையாகச் சொல்கிறேன். மாத்தே குடித்தேன், துணி துவைத்தேன். ஈரக்கையோடு மேலங்கியை எடுத்து மாட்டினேன்.

நீதிபதி வயதானவர். "இன்னும் அதே முடிவுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவை எடுத்தவர் கீழே வைத்தார்.

"காரணம் கேக்கச் சட்டத்துல எடமில்ல. தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன், இஷ்டம்னா சொல்லுங்க. அடிச்சாரா?"

"இல்ல."

"வேற பொம்பள?"

"இல்லவே இல்ல. பதினெட்டு வருசமா நான் சொன்னது ஒவ்வொண்ணையும் எனக்குத் தெரியாமலே திருத்திக்கிட்டிருந்தார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரியா நடந்துச்சா?"

"எல்லாம் சரியாத்தான் நடந்துச்சு."

"அப்ப அது நல்லதுதானம்மா?"

"நான் சரியாச் சொல்றேன்னு நெனச்சிக்கிட்டே பதினெட்டு வருசம் வாழ்ந்துட்டேன் ஐயா" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

சுல்மா